கல்லுக்கு அடியில புதையல் இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல கர்நாடகா ஷிமோகா மாவட்டத்து மலைநாட்டுல இருக்குற நிலஸ்கல் நெடுங்கல்லுங்கள (அந்தக் காலத்து மனுஷங்க நட்டு வச்ச உயரமான கல்லுங்க) பத்தி வந்த கட்டுரை படிச்சேன், போட்டோ எல்லாம் சூப்பர், ஆனா தலைப்புல "புதையல் ரகசியம்"னு போட்டீங்க பாருங்க அது தேவையே இல்லாத வேலை. அதோட வழி மேப் வேற. ரெண்டையும் பாக்குறவன் கடப்பாரையத் தூக்கிட்டு கெளம்ப மாட்டானா?

எல்லா நெடுங்கல்லுக்கும் கீழ சமாதி இருக்கணும்னு அவசியமே இல்ல. அப்படியே இருந்தாலும் பெரும்பாலும் பானை, இரும்புச் சாமான், பாசிமணிதான். நெசமான புதையல் கல்ல நட்ட குழியில இருக்குற மண்ணுதான் சார். பாறைய டெஸ்ட் பண்ணா அது உருவான வயசுதான் வரும், பல கோடி வருஷம்னு சொல்லும், மனுஷன் அத எப்ப நட்டான்னு சொல்லாது. அதுக்கு குழியில வயசு கண்டுபிடிக்கிற மாதிரி கரித்துண்டு கெடைக்கணும், இல்லேன்னா அந்த மணல் துகள் கடைசியா வெயில் பட்டு எவ்ளோ காலம் ஆச்சுன்னு லேப்ல அளக்கணும், அதுக்கு வெளிச்சமே படாம மண்ண எடுக்கணும், ஒரு தடவ எவனாவது கெளறிட்டான்னா அவ்ளோதான். 1901ல இங்கிலாந்துல ஸ்டோன்ஹெஞ்ச்ங்குற பழங்காலக் கல் வட்டத்துல சாஞ்சிருந்த ஒரு பெரிய கல்ல நிமுத்துனப்போ, அந்த வேலைய பாத்த வில்லியம் கௌலேண்ட் அடி மண்ண சலிச்சுப் பாத்தாரு. கெடச்சது அங்க கல்லு கொத்துன ஆளுங்களோட கல் சுத்தியலுங்க. அது போதுமே!

இன்னொண்ணு, நிலஸ்கல்லுல சில கல்லுங்க ஜோடி ஜோடியா, வருஷத்துலயே நீளமான பகல், குட்டையான பகல் வர்ற நாள்ல சூரியன் உதிக்கிற, மறையிற திசைக்கு நேரா நிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அடியில தோண்டி ஒரு கல்லு சாஞ்சா அந்த கணக்கே போச்சு. (மேய்ச்சல் மாடு உரசி உரசி அடி மண்ணு கொறஞ்சே சில நாட்டுல கல்லு சாஞ்சிருக்கு, மாட்ட என்ன சொல்றது, மனுஷனையாவது தடுக்கலாம்ல.) இவ்ளோ பெரிய விஷயத்த உங்க கட்டுரையில ஒரே வரியில தாண்டிட்டாங்க, புதையல் கதைக்கு மட்டும் ஒரு பக்கம்.

ஆன்லைன் பதிப்புல இருந்தாவது அந்த மேப்ப எடுத்துடுங்க சார். அடுத்த பாகம் வரும்னு போட்டிருக்கீங்க, அதுல இந்த சூரியன் மேட்டர விரிவா எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்