சுருக்கிய இணைப்பின் அருகே தளத்தின் பெயரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மைக்காலமாகக் கட்டுரைகளின் அடியில், நீண்ட இணைய முகவரிகளுக்குப் பதிலாகச் சுருக்கிய இணைப்புகள் அச்சாகின்றன. செங்கோட்டையில் கணினித் தட்டச்சுக் கடை நடத்துபவன் என்ற முறையில் அதுபற்றி எழுதுகிறேன்.

சுருக்கம் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. இணைய முகவரியிலுள்ள தமிழை நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ‘%’ அடையாளங்களோடு ஒன்பது எழுத்தாக விரிகிறது. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுவதால், ‘செங்கோட்டை’ என்னும் ஐந்தெழுத்துப் பெயர் 90 எழுத்துகளாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் குறுஞ்செய்தி, தமிழில் 70 எழுத்தோடு முடிந்துவிடும் நிலையில், இத்தகைய முகவரிக்கு அங்கே இடமேது? முகவரி குறுகினால் க்யூ.ஆர். குறியீட்டின் கட்டங்களும் பெரிதாகி, நாளிதழ்த் தாளில் மை சற்றே கசிந்தாலும் கைப்பேசி அதைப் படித்துவிடுகிறது.

ஆனால் அச்சேறிய இணைப்பைப் பின்னர் திருத்த இயலாது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்ததன் அறுபதாம் ஆண்டில் நாங்கள் வெளியிட்ட சிறுநூலில், பழைய ஆவணங்களுக்கான முகவரிகளை ஓர் இலவசச் சேவையில் சுருக்கி அச்சிட்டோம். அச்சேவை பின்னர் மூடப்பட்டது. சென்ற ஆண்டு புனலூரிலிருந்து வந்த கல்லூரி மாணவி ஒருவர் நூலைக் காட்டிக் கேட்டபோது, ஆவணங்கள் இணையத்தில் எங்கோ இருந்தும், எந்த இணைப்பு எதற்குரியது என்று அச்சுக்கோத்த என்னாலேயே சொல்ல முடியவில்லை. கூகுளும் 2009-இல் தொடங்கிய தன் சுருக்கச் சேவையில் 2019-இல் புதிய இணைப்புகளை நிறுத்தி, நெடுநாள் பயன்படாதவை 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் இயங்கா என அறிவித்தது.

சேருமிடம் தெரியாததால் மோசடிக்கும் சுருக்கிய இணைப்பு வசதியாகிறது. வணிகக் குறுஞ்செய்திகளில் முன்பதிவு செய்த இணைப்புகளையே அனுமதிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபர் முதல் கட்டுப்படுத்தியிருந்தாலும், வாட்ஸ்அப்பில் ‘மின்கட்டண பாக்கி’ என்று வரும் இணைப்பை அது தடுப்பதில்லை. ‘பிட்லி’ என்னும் சுருக்கச் சேவையின் இணைப்பு இறுதியில் கூட்டல் குறியிட்டால் சேருமிடத்தை முன்கூட்டியே காணலாம் என்பதை என் கடைக்கு வருவோரில் அறிந்தவர் அரிது.

ஆகவே, வெளிச் சேவைகளை நாடாமல் தங்கள் இணையதளத்தின் பெயரிலேயே இணைப்புகளைச் சுருக்கி, அருகில் மூலத் தளத்தின் பெயரையும் பக்கத்தின் தலைப்பையும் ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு செயலிழந்தாலும், அந்த ஒரு வரி இருந்தால் தேடி எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.