வரலாற்று அறைக்குப் பொருள் தருமுன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பெங்களூரு

அன்புள்ள பெற்றோர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

முதல் மாடியில் பூட்டிக் கிடந்த பழைய கணினி அறை, நம் பகுதியின் வரலாற்று அறையாக மாறுகிறது. தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்திலிருந்து உங்கள் வீடுகளிலிருந்து பொருள்களைப் பெற்றுக்கொள்வோம். அதுவரை ஒரு வேண்டுகோள்: தருவதற்காக எடுத்து வைத்த எதையும் தேய்க்காதீர்கள், ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஏன் என்பதை விளக்கினால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன வேண்டும் என்று பலர் கேட்கிறீர்கள். விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் எப்படி வந்தன, என்ன வேலை செய்தன, எங்கே குடியிருந்தன என்பதைக் காட்டும் சாதாரணப் பொருள்களே எங்களுக்குத் தேவை. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபோது பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்து அல்சூர்ப் பக்கம் தங்கியவர்களின் வழிவந்தோர் நம்மிடையே உண்டு. 1884இல் தொடங்கி, பிறகு பின்னி மில் என்று பெயர் பெற்ற ஆலையில் வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபின் இங்கே குடிவந்த வீடுகளும் உண்டு. ஆலையின் கேட் பாஸ், சம்பளச் சீட்டு, சுரங்கத் தொழிலாளியின் டோக்கன், பழைய ரேஷன் கார்டு, கூழ் ஊற்றும் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, வாடகை ரசீது, ஸ்கூல் குரூப் போட்டோ, தையல்காரரின் அளவு நோட்டு எல்லாம் வரட்டும்.

சிலவற்றை வாங்க மாட்டோம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிலை, செப்பேடு, நாணயம் போன்றவை தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடி என்றால் 75 ஆண்டே போதும். அவற்றைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் தனி முறை இருக்கிறது, ஒரு பள்ளி அறை அதற்கு ஏற்ற இடமல்ல. வீடு கட்டக் குழி தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அதையும் இங்கே கொண்டுவர வேண்டாம். மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதையல் சட்டம் சொல்கிறது. அது இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம்தான்.

இப்போது, செய்யக்கூடாதவை. லேமினேஷன் இயந்திரம் நூறு டிகிரிக்கு மேல் சூடாகிப் பசையை உருக்கி, காகிதத்தின் நாருக்குள் இறக்கிவிடுகிறது. பிறகு பிரிக்கவே முடியாது. காகிதத்தில் உள்ள அமிலமோ உள்ளேயே இருந்து வேலை செய்யும். பிளாஸ்டிக் பளபளவென்று இருக்க, உள்ளே தாள் பழுப்பாகிக்கொண்டே போகும். செலோ டேப்பும் அப்படித்தான். சில ஆண்டுகளில் டேப் தானாக உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நின்றுவிடும். கிழிந்த தாள் கிழிந்தபடியே வரட்டும். துண்டுகளை ஒரே உறையில் போட்டால் போதும்.

ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவை உரிக்கவே உரிக்காதீர்கள். சுவரின் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு சேர்ந்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஃபிரேமோடு கொண்டுவாருங்கள், கண்ணாடி வழியாகவே நகல் எடுப்போம். எண்பதுகளில் வந்த, பக்கத்தில் பசைக் கோடு போட்டு மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்துக்கும் இதே விதி: முழு ஆல்பமாக வர வேண்டும்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்குக் கொடுக்கிறோமே என்று புளி போட்டோ பவுடர் போட்டோ தேய்த்துத் தர எல்லோருக்கும் கை வரும். வேண்டாம். புளியின் அமிலம் ஒவ்வொரு முறையும் உலோகத்தை ஒரு பூச்சு கரைக்கிறது. நம் பாத்திரங்களில் வரலாறு இருப்பது விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில்: யார் சீர் கொடுத்தார், யாருக்கு, எந்தத் தேதி. அதுதான் முதலில் தேயும். கறுத்திருந்தாலும் எழுத்து தெரிகிற அண்டா, பளபளக்கிற மொட்டை அண்டாவைவிட எங்களுக்குப் பல மடங்கு மேல்.

பொருளோடு ஒரு சீட்டு கட்டாயம். வீட்டுக்கு இரண்டு படிவங்கள் அனுப்பியிருக்கிறோம். இது என்ன, யாருடையது, எங்கே புழங்கியது, ஏறத்தாழ எந்த ஆண்டு, உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எழுதுங்கள். குரூப் போட்டோ என்றால் முன்வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாகப் பெயர்கள். தெரியாத இடத்தில் ஒரு கோடு போடுங்கள், தாண்டிப் போகாதீர்கள், தாண்டினால் அடுத்த எல்லாப் பெயரும் இடம் மாறிவிடும். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் ‘சுமார்’ என்று சேருங்கள். ஊகித்து எழுதிய ‘1962’ பிற்பாடு ஆதாரமாகிவிடும். விவரம் இல்லாத அழகான போட்டோவையும் விவரத்தோடு வந்த பழைய பஸ் பாஸையும் எதிரெதிரே வைத்தால் நான் பஸ் பாஸைத்தான் எடுப்பேன். இன்னொன்று: போட்டோவின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம். முன்பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும். 2பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதலாம்; பென்சில் பிடிக்காத வழவழப்பான தாள் என்றால் தனிச் சீட்டே நல்லது.

எடுத்து வரும்போது ரப்பர் பேண்ட், குண்டூசி, கிளிப் எதுவும் வேண்டாம். செய்தித்தாளில் சுற்றவும் வேண்டாம், அதன் மையும் அமிலமும் ஒட்டும். புது வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து நடுவில் வைத்து, மேலும் கீழும் ஓர் அட்டை கொடுத்தால் சரி. மழைக்குப் பிளாஸ்டிக் பை வழியில் மட்டும். வீட்டில் அதற்குள்ளேயே வைத்திருந்தால் ஈரம் அடைந்து பூஞ்சை பிடிக்கும்.

இங்கே வந்த பொருளுக்கு முதலில் ஒரு பெறுகைச் சீட்டு எழுதி உங்கள் கையில் கொடுப்போம். நன்கொடையா இரவலா என்பதை அதில் நீங்களே குறிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ‘இருக்கட்டும் சார்’ என்று விட்டுப் போனால்தான் பிற்காலத்தில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வரும். இரவல் ஆறு மாதத்துக்கு மேல் வாங்க மாட்டோம். போட்டோ, கடிதம் போன்றவற்றை நகல் எடுத்து அதே வாரம் திருப்பித் தருவதே எனக்கு விருப்பம். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

பிறகு பதிவேடு. தையல் போட்ட, பக்க எண் அச்சிட்ட கெட்டிப் புத்தகம். தாள் மாற்றும் ஃபைல் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு, அந்த ஆண்டில் வந்த வரிசை, அதற்குள் உருப்படி என்று மூன்று பகுதியாக எண் தருவோம். 2025.14.3 என்றால் 2025இல் பதினான்காவதாகக் கொடுத்தவரின் மூன்றாவது பொருள். அளவு, நிலை, எந்தப் பீரோவில் எந்தத் தட்டு என்பதெல்லாம் அந்த வரியில் ஏறும். எந்த எண்ணையும் இரண்டாம் முறை பயன்படுத்த மாட்டோம். தவறினால் ஒரே கோடாக அடித்துக் கையெழுத்திடுவோம். காகிதத்தில் எண்ணைப் பென்சிலால் எழுதுவோம், துணியில் நாடாவில் எழுதித் தைப்போம், பாத்திரத்தில் பருத்தி நூலில் சீட்டாகக் கட்டுவோம். ஸ்டிக்கர் எதிலும் ஒட்டுவதில்லை.

நகல் எடுப்பது 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பாக. நாலுக்கு ஆறு அங்குல வண்ணப்படம் ஒன்று சுமார் 26 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடுகிறது, பின்வரிசை முகங்கள் மங்கிப்போகும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள் வைப்போம், அதில் ஒன்று பள்ளிக்கு வெளியே.

அந்த அறையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. அதன் மேலே இன்னொரு மாடி இருப்பதால் மொட்டை மாடிச் சூடு இறங்காது. தரைத்தளமல்ல என்பதால் மண் ஈரம் ஏறாது. சுவரில் தண்ணீர்க் குழாயும் இல்லை. ஸ்டீல் பீரோக்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும், அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். புது பிளைவுட் அலமாரி தருவதாகச் சொன்ன பெற்றோருக்கு நன்றி, ஆனால் அதிலிருந்து அமில ஆவி வருவதால் வேண்டாம். பெங்களூரு மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 65க்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எனவே காகிதங்கள் மூடி இறுக்கமான டப்பாக்களில், காகிதத்தைத் தொடாதபடி தனித் துணிப் பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு இருக்கும். ஆரஞ்சு நிற மணி ஈரம் ஏறிப் பச்சையானால் எடுத்துச் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும். மறந்துவிட்டால் வைத்தும் பயனில்லை, ஆகவே வாரம் ஒரு மாணவர் பார்த்துத் தேதியோடு எழுதுவார்.

அந்துருண்டை போட மாட்டோம். பிள்ளைகள் புழங்கும் அறையில் அதன் ஆவி நல்லதல்ல. புதிதாக வரும் காகிதமும் துணியும் இரண்டு வாரம் தனிப் பெட்டியில் இருக்கும். வெள்ளிப் பூச்சியோ அரிப்போ தெரிந்தால், பாலிதீன் பையில் காற்று போகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்போம். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த காகிதத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

சுவரில் மாட்டுவது பெரும்பாலும் நகல்தான். அசலைப் பார்க்க வேண்டாமா என்று வருத்தப்படுவீர்கள். ஒளியால் வெளுத்தது திரும்பி வராது. காகிதத்துக்கும் பட்டுக்கும் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் ஏற்றது, நம் வகுப்பறைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. அசல் மூன்று மாதம் கண்ணாடிப் பெட்டியில், திரை போட்ட சன்னல் பக்கம் இருக்கும். பின் உள்ளே போய் அடுத்தது வெளியே வரும். விளக்கப் பலகை ஒவ்வொன்றும் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும், மொழிக்கு ஐம்பது சொல்லுக்குள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்தில்.

பாட்டி தாத்தாக்களின் குரலையும் பதிவு செய்கிறோம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் இருவராக வீட்டுக்கு வருவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஃபேன், மிக்ஸி, டிவி நிறுத்தி, குக்கர் வைக்காமல் இருந்தால் உதவி. ‘அப்போ தண்ணி எங்கேருந்து வந்துச்சு?’ என்பது போன்ற கேள்விதான் கேட்பார்கள். தயவுசெய்து மற்றவர்கள் இடையில் திருத்த வேண்டாம், ‘இல்லம்மா, அது அறுபத்தெட்டுல’ என்று ஒருவர் சொன்னதும் பெரியவர் பேச்சை நிறுத்திவிடுவார். எதை வெளியே போடலாம், எதைக் கூடாது என்று முடிவில் கையெழுத்து வாங்குவோம். பிறகு மனம் மாறினாலும் சொல்லலாம்.

உயர் வகுப்புகளுக்குக் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு பயணமும் உண்டு. 1865இல் தொடங்கியது அது. அங்கே ஆதக்கூர் நடுகல்லைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்: பன்றியோடு போராடி இறந்த காளி என்னும் நாய்க்கு எடுத்த கல், தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் வீழ்ந்த செய்தியும் அதே கல்லில் இருக்கிறது. திரும்பும் வழியில் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள். கல்வெட்டில் சாக்பீஸ், எண்ணெய், விபூதி எதுவும் பூசக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள். எழுத்து தெரியப் பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் போதும், நிழலில் எழுத்து தானே எழும்.

பொருள்களைச் சனிக்கிழமைகளில் காலை 9 முதல் 12 வரை, வரலாற்று அறையில் மட்டும் பெறுவோம். பெரியவர் ஒருவர் நேரில் வர வேண்டும். பிள்ளைகளின் பையில் வைத்தோ வகுப்பாசிரியரிடமோ கொடுத்து அனுப்ப வேண்டாம். பெறுகைச் சீட்டு இல்லாமல் எந்தப் பொருளும் பள்ளிக்குள் தங்காது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: படிவம் தொலைந்திருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இரண்டு ஆசிரியர்கள் அந்த நேரத்தில் இருப்பார்கள்.