பர்செல்லின் எட்டுக் குரல் மன்றாட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. லெந்து எனும் தவக்கால நாட்களுக்கு உங்கள் பாடகர் குழு ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல்லின் ‘ஹியர் மை ப்ரேயர், ஓ லார்ட்’ எடுத்திருக்கிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மொத்தம் 34 பார்தான் (‘பார்’ என்பது தாளத்தின் ஒரு சுற்று). ஆனால் அதைப் பாடிக் கரைசேர்வது எளிதல்ல.

வசனம் நமக்குத் தெரிந்ததுதான், 102ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: “கர்த்தாவே, என் விண்ணப்பத்தைக் கேளும், என் கூப்பிடுதல் உம்மிடத்தில் சேர்வதாக.” 1682 வாக்கில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயது பர்செல் இதை இரண்டே இசைக் கருக்களில் கட்டினார். விண்ணப்பத்துக்கு இரண்டே சுரம்: ஸியும் ஈ ஃபிளாட்டும். ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜமும் சாதாரண காந்தாரமும் என்று வைத்துக்கொள். ‘க்ரையிங்’ என்ற கூப்பிடுதலுக்கு அரைச் சுர நகர்வு. அதுவே தலைகீழாகவும் வரும். இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் எட்டுக் குரலும் மோதி நிற்கின்றன.

குழுக்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: பாதி வழியிலேயே உரக்கப் பாடிவிடுகிறார்கள். ஏற்றத்தைப் பர்செல் குரல்களின் எண்ணிக்கையிலேயே எழுதிவைத்திருக்கிறார், நாம் கூட்ட வேண்டியதில்லை. புதிதாக நுழைகிறவர் சாதாரணமாகவே பாடட்டும். ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு படி தணிந்து அவருக்கு இடம் விடட்டும். வேகம் பாருக்கு நாலரை முதல் ஐந்தரை விநாடி. அதைவிட இழுத்தால் மூச்சு போதாது.

சுருதி இறங்குவது அடுத்த தொல்லை. ஒரே ஸியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது அது மெல்லத் தொய்யும். அரைச் சுரம் ஏறும்போது குறைவாக ஏறுகிறோம், இறங்கும்போது அதிகமாக இறங்குகிறோம். முதல் இரண்டு ஒத்திகைகளில் வார்த்தையை விட்டு ‘நூ’ என்று மட்டும் பாடவை. பத்து பாருக்கு ஒருமுறை நிறுத்திப் பியானோவில் சரிபார்.

கடைசிப் பத்து பாரை முதலில் கற்றுக்கொடு. உச்சம், ‘கம் அன்டு தீ’ (உம்மிடத்தில் சேர்வதாக) என்பதில் வரும் கடைசி ‘கம்’ என்ற சொல்லில் இருக்கிறது. அங்கே உரசும் குரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துப் பாடவை. பக்கத்துச் சுரத்தின் உரசலைக் காது தாங்கப் பழகினால்தான் யாரும் பயந்து நழுவமாட்டார்கள். முக்கியமாக, ‘ம்’ மீது சீக்கிரம் வாயை மூடக் கூடாது. உயிரெழுத்தைத் திறந்தே பிடித்து, நகரும் நேரத்தில் மட்டும் மூடட்டும். வாய் மூடியதும் அந்த உரசல் செத்துவிடும், அதற்காகத்தானே இத்தனை பாரும்! அடுத்து வரும் ‘அன்டு தீ’யை அழுத்தாமல் விடு. ‘கம்’முக்கும் ‘அன்டு’வுக்கும் நடுவில் யாரும் மூச்செடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் இருவர் ஒரே இடத்தில் மூச்செடுக்காதபடி பென்சிலால் குறித்துக் கொடு.

கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதியில் இதற்குப் பின்னால் பல பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. நீண்ட கீதம் ஒன்றின் தொடக்கமாக நினைத்திருப்பார் போலும். அதனால், முடிந்த கையோடு வேறு பாட்டைத் தொடங்கிவிடாதே. வேத வாசிப்புக்கு முன்னால் வைத்தால் பொருந்தும்.

டெனர் (ஆண்களின் மேல் குரல்) பாட ஆள் போதுமா? குறைந்தால், தாழ்ந்த குரலுள்ள ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்) ஒருவரை முதல் டெனருக்கு மாற்றிப் பார். ஒவ்வொரு குரலிலும் எத்தனை பேர் என்று எழுது, நிற்கும் வரிசையைப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்