மூக்குக்குள் ஒரு விளக்கு: இராமநாதபுரம் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரில் இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவருகிறேன். மூக்கு ஒவ்வாமைக்கு ஒளி சிகிச்சை என்ற பெயரில் எங்கள் பகுதியில் வீடு வீடாக விற்கப்படும் கருவிகள் குறித்துத் தங்கள் அலுவலகம் தெளிவான அறிவிப்பு ஒன்றை வெளியிட வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன்.

இந்தக் கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எடுத்துவிட்டால் மணலும் புழுதியும் வீட்டுக்குள் வந்து குந்திக்கொள்ளும். கண்மாய்க் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலின் மகரந்தம் ஒரு பக்கம், அதை வெட்டி எரிக்கிற கரிமூட்டத்தின் புகை மறுபக்கம். காலையில் பத்துப் பதினைந்து அடுக்குத் தும்மல் போட்ட பிறகே பேச்சைத் தொடங்க முடிகிற பெண்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஒளி என்று யாராவது சொன்னால் அவர்கள் காது கொடுப்பதில் வியப்பில்லை.

சென்ற மாதம் கருவாடு காயப்போடும் அம்மாள் ஒருவர், மகளிர் குழுக் கடனில் வாங்கிய கருவியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர்கள், நுனியில் கடலைப் பருப்பு அளவில் சிவப்பு விளக்குகள். "தம்பி, இதைப் போட்டா மாத்திரையே வேணாமாம்ல?" என்று கேட்டார். உடன் வந்த துண்டுத்தாளை வாங்கிப் படித்தேன். புற ஊதா ஒளியைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வின் முடிவு அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் கையில் இருந்ததோ சிவப்பு விளக்கு.

என் முறையீட்டின் மையம் இதுதான். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகள் உலவுகின்றன. முதலாவது, ஹங்கேரி நாட்டின் செகெட் நகர மருத்துவர்கள் வளர்த்தெடுத்தது. புற ஊதா ஒளியின் இரு வகைகளான யு.வி.பி. 5 விழுக்காடும் யு.வி.ஏ. 25 விழுக்காடும், கண்ணுக்குத் தெரியும் ஒளி 70 விழுக்காடும் கலந்த கற்றையை மூக்கினுள் செலுத்துவது. அவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 49 பேருக்கு வாரம் மூன்று முறை வீதம் மூன்று வாரங்கள், அளவைப் படிப்படியாகக் கூட்டிச் சிகிச்சை தரப்பட்டது. வெறும் மங்கிய ஒளி பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, புற ஊதாக் கலவை பெற்றவர்களுக்குத் தும்மலும் நீரொழுகலும் அரிப்பும் குறைந்தன. ஒவ்வாமைக்குக் காரணமான டி அணுக்கள், இயோசினோபில் அணுக்கள் ஆகிய வெள்ளையணுக்களை இந்த ஒளி மடியச் செய்கிறது. தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளிப்படுவதையும் தடுக்கிறது. தோல் மருத்துவத்தில் வெண்புள்ளிக்கும் சொரியாசிசுக்கும் புற ஊதா ஒளி தரப்படுவதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அதன் மூக்கு வடிவம் என்று இதைச் சொல்லலாம். அங்கு போலவே இங்கும் எவ்வளவு ஒளி, எத்தனை முறை என்று அளந்து தர ஒரு மருத்துவர் வேண்டும். மூக்கு உலர்ந்துபோவது பொதுவான பக்கவிளைவு. டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் புற ஊதா ஒளி ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதை மருந்துக்கடைக்காரனாகிய நானே சொல்வேன். கருவி விற்றவர் சொல்லவில்லை.

இரண்டாவது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சிவப்பொளிக் கருவி. இதில் புற ஊதா ஒளி துளியும் இல்லை. இதையும் வெறும் ஏமாற்று என்று நான் தள்ளவில்லை. 660 நானோமீட்டர் சிவப்பொளியை நாளுக்கு மூன்று முறை, 14 நாள்கள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. அதில் ஒவ்வாமை நோயாளிகளில் 72 விழுக்காட்டினர் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அதே ஆய்வில் ஒப்பீட்டுக்காகப் போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் 24 விழுக்காட்டினர் தேறியதாகவே சொன்னார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஒன்றுமில்லாத விளக்கும் 'கேட்டிருக்கிறது'. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது என்ற சொல்லை நம்பிக் குழுக் கடன் எடுக்கிறவர்களிடம் யாராவது இந்த எண்ணைச் சொல்ல வேண்டாமா?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒளிதானே மருந்து என்று முற்றத்தில் அமர்ந்து, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மூக்குத் துளைக்குள் வெயில் எவ்வளவு தூரம் போகும்? முகம் கறுத்ததும் கண் கூசியதும்தான் அவருக்கு மிச்சம்.

என் பங்குப் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூக்கடைப்புக்கு சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகள் எடுத்துக் கொடுத்தவன் நான். ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து விட்டால் அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கும் என்று தெரிந்தும், மாதக்கணக்கில் வாங்கிச் சென்றவர்களை நிறுத்திக் கேட்டதில்லை. விளக்கு விற்க வருகிறவரிடம் முதலில் சிக்குவது இப்படி அடைத்துப்போன மூக்குகள்தாம்.

ஒழுங்காகச் செய்தால் பலன் தரக்கூடிய எளிய சிகிச்சைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை இரண்டு நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று திருப்பித் தருகிறார்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. தலையைச் சற்றுக் குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும் என்பதும் தெரியாது. உப்புநீரால் கழுவச் சொன்னால் சிலர் கடல்நீரையே உறிஞ்சுகிறார்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு போதுமான இடத்தில் கடலில் ஏறத்தாழ 35 கிராம் இருக்கிறது. எரியாமல் என்ன செய்யும்? கொதிக்கவைத்து ஆற்றிய நீரில்தான் கரைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது: முகாம் என்ற பெயரில் திருமண மண்டபங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் விற்கப்படும் இக்கருவிகள் மருத்துவக் கருவி விதிகள், 2017இன்படி பதிவானவையா என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோடு சேர்ந்து சோதிக்க வேண்டும். எந்த ஒளி, என்ன அலைநீளம் என்பதைத் தமிழில் அச்சிடாத கருவியை விற்க விடக்கூடாது. புற ஊதா வகைச் சிகிச்சை காது மூக்கு தொண்டை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே நடக்க வேண்டும். ஸ்பிரே அடிக்கும் முறையையும் மூக்குக் கழுவும் முறையையும் கிராம சுகாதார செவிலியர்கள் வழியாக, கச்சான் தொடங்கும் முன்பே கடலோர ஊர்களில் செய்து காட்ட ஏற்பாடு செய்தால், அதற்கு என் கடை வாசலை ஒரு நாள் ஒதுக்கித் தருகிறேன்.

அந்த அம்மாளின் கருவி இப்போது என் மேசை இழுப்பறையில், அதே துணிச் சுற்றோடு, துண்டுத்தாளோடு இருக்கிறது. ஆய்வுக்குத் தேவைப்பட்டால் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்க அவர் சம்மதித்திருக்கிறார். கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி இருப்பதால், வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.

தங்கள் உண்மையுள்ள,
கடலோர மருந்துக்கடைக்காரன்