ஜிஆர்இ கூட்டு மதிப்பெண் கட்-ஆஃபை நீக்கக் கோரும் மனு

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை.

பொருள்: அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களின் முனைவர் பட்டச் சேர்க்கையில் ஜிஆர்இ மதிப்பெண்களைக் கூட்டிக் கட்-ஆஃப் வைக்கும் முறையை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் புள்ளியியலில் முதுநிலை முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தவள். முதுநிலை, முனைவர் பட்டச் சேர்க்கைக்குக் கேட்கப்படும் ஜிஆர்இ தேர்வில் குவாண்ட் (கணிதப் பகுதி) 168, வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) 151 எடுத்தேன். கூட்டினால் 319. நான் விண்ணப்பித்த நிறுவனம் வைத்திருந்த கட்-ஆஃப் 320. ஒரு மார்க்கில் என் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிட்டது. இரண்டு வருடம் உழைத்து எழுதிய ஆய்வேட்டையும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு இடம் கொடுங்கள் என்று கேட்க வரவில்லை. அந்த வருடச் சேர்க்கை முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் கூட்டல் கணக்கே தவறு. அடுத்து விண்ணப்பிப்பவர்களையாவது அது தடுக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஜிஆர்இயில் வெர்பல், குவாண்ட் இரண்டுக்கும் 130 முதல் 170 வரை தனித்தனியாக மதிப்பெண் உண்டு. கட்டுரைக்கு 0 முதல் 6 வரை. மதிப்பெண் அறிக்கையில் 'மொத்தம்' என்று ஒரு கட்டமே கிடையாது. காரணம், 160 என்ற அதே எண்ணுக்கு இரண்டு பகுதியிலும் ஒரே மதிப்பு இல்லை. வெர்பலில் 160 எடுத்தவர் தேர்வு எழுதியவர்களில் பெரும்பாலோரைத் தாண்டி நிற்கிறார். குவாண்டில் 160 எடுத்தவர் ஏறக்குறைய நடுவில்தான் இருப்பார். இரண்டையும் கூட்டி எடுக்கும் எண் எதை அளக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. புள்ளியியல் ஆய்வுக்கு இரண்டிலும் 160 எடுத்தவர் உள்ளே, குவாண்டில் 168 எடுத்தவர் வெளியே. உள்ளே போனவரை நான் குறை சொல்லவில்லை, அவரும் பாடுபட்டுத்தான் எழுதியிருப்பார்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே, மூன்று மதிப்பெண்களையும் தனித்தனி அளவுகளாகப் பார்க்க வேண்டும், மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒருவரை நிராகரிக்கக் கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது.

ஒரு மார்க் எப்படிப் போகிறது என்பதையும் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பல், குவாண்ட் ஒவ்வொன்றிலும் 27 கேள்விகள்தான். வெர்பலில் மூன்று கோடிட்ட இடங்களை நிரப்பும் கேள்வி வரும். மூன்றும் சரியாக இருந்தால்தான் மார்க், இரண்டு சரி என்றால் ஒன்றுமில்லை. அப்படி ஒரு கேள்வியில் மூன்றாவது சொல்லைக் கடைசி நிமிடத்தில் மாற்றினேன். அதில்தான் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஆள் மூன்று வாரம் கழித்து எழுதினால் ஓரிரு மார்க் ஏறலாம், இறங்கலாம். அந்த அளவு வித்தியாசத்துக்கு ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை முடிவுசெய்யும் தகுதி கிடையாது.

மறுபடி எழுதலாமே என்பார்கள். எழுதலாம்தான். 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்தில் ஐந்து முறை வரை விதி அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அப்படியானால் கட்-ஆஃபைத் தாண்டும் வாய்ப்பு, பணம் உள்ளவருக்குத்தானே அதிகம்?

ஆகவே, அரசு நிதி பெறும் நிறுவனங்கள் கூட்டு மதிப்பெண்ணை வைத்து வடிகட்டக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். எந்தப் பகுதி தங்களுக்குத் தேவை என்பதை அந்தந்தத் துறையே சொல்லட்டும். அதிலும் மதிப்பெண் சற்றுக் குறைந்தவரின் ஆய்வேட்டையும் பரிந்துரைக் கடிதங்களையும் ஒரு பேராசிரியராவது படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எனக்கு வந்தது இரண்டு வரி மின்னஞ்சல், அதில் காரணம் இல்லை. கட்-ஆஃப் விவரத்தை நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் தாங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் மதிப்பெண் அறிக்கையின் நகலையும், வந்த மின்னஞ்சலின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முனைவர் பட்ட விண்ணப்பதாரர்