வராத பாடசாலைகளின் கணக்கையும் சொல்லுங்கள்

மாணவர் அடைவு மட்ட மதிப்பீடுகளை நடத்தும் ஆய்வாளர்களுக்கும் எங்கள் மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் திருகோணமலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சேவைக்காலத்தின் பெரும்பகுதி மூதூருக்குத் தெற்கே, வெருகல் பக்கத்துச் சிறிய பாடசாலைகளில் போனது.

எல்லாப் பாடசாலைகளுக்கும் பதிலாகச் சிலவற்றை மட்டும் தெரிந்தெடுத்துச் சோதிக்கிறீர்கள், அதுதான் மாதிரி. ஒரு வருடம் எங்கள் பாடசாலை அந்த மதிப்பீட்டு மாதிரிக்குத் தெரிவானது. பிள்ளைகளிடம் சொல்லியும் விட்டோம். குறித்த வாரத்தில் மாரி மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி வீதியை மூடியது, வினாத்தாளோடு வரவேண்டியவர்கள் வரவில்லை. வேறு நாள் குறிப்பார்கள் என்று பார்த்திருந்தோம். பிறகுதான் தெரிந்தது, எங்களுக்குப் பதிலாகப் பெருந்தெருவை ஒட்டிய இன்னொரு பாடசாலையில் சோதனையை முடித்துவிட்டார்கள். அந்த வெள்ளத்தில் வந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் இல்லாமல் கணித்த சராசரியை எங்கள் பகுதியின் நிலை என்று வாசித்தபோது மனம் பொறுக்கவில்லை.

தெரிவான பாடசாலை பங்குபற்றாமல் போனால் எவ்வளவு பிழை வரும்? பங்குபற்றாதவர்களின் விகிதத்தை, பங்குபற்றியவர்களுக்கும் பற்றாதவர்களுக்கும் இடையிலுள்ள புள்ளி வித்தியாசத்தால் பெருக்குங்கள். கற்பனைக்கு, ஒரேயளவான 100 பாடசாலைகளில் 20 வரவில்லை என்று வைப்போம். வந்தவற்றின் சராசரி 50, வராதவற்றின் உண்மை நிலை 30. அறிக்கை 50 என்று சொல்லும், உண்மை 46. மாதிரியை இரட்டிப்பாக்கினாலும் இந்த 4 புள்ளி குறையாது. வராதவையும் வந்தவையும் ஒரே மாதிரி என்றால் 20 போனாலும் பாதகமில்லை. ஆகவே எத்தனை வரவில்லை என்பது பாதிக் கேள்விதான். வராதவை எப்படிப்பட்டவை என்பது மீதிப் பாதி.

மாற்றுப் பாடசாலை எடுப்பது தவறான முறை அல்ல. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) மதிப்பீட்டிலும், தெரிவான பாடசாலைக்குப் பட்டியலில் பக்கத்தில் இருப்பவற்றை முன்கூட்டியே மாற்றாகக் குறித்து வைக்கிறார்கள். ஆனால் முதலில் தெரிவானவற்றில் 85 சதவீதம் பங்குபற்ற வேண்டும் என்பதும் அங்கே விதி. 2000இல் நெதர்லாந்தும் 2003இல் ஐக்கிய இராச்சியமும் போதிய பங்கேற்பு இல்லாததால் நாடுகளின் ஒப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டன. வசதியான நாடுகளுக்கே அந்தக் கண்டிப்பு என்றால் எங்களுக்கும் அது வேண்டும்தானே?

வராத பாடசாலைகளின் பங்கையும் வந்தவற்றின் மேல் ஏற்றிக் கணக்கிட்டு, அதாவது நிறையளித்து, சரிசெய்தோம் என்பீர்கள். சரி, ஆனால் அந்தச் சரிசெய்தல் ஒரே பிரிவுக்குள் வராத பாடசாலையும் வந்த பாடசாலையும் ஒன்றுபோல என்ற நம்பிக்கையில் நிற்கிறது. தமிழ்மொழி மூலம், கிராமப்புறம், வகை 2 (11ஆம் தரம் வரையுள்ள பாடசாலை) என்று ஒரே பிரிவில் போட்டாலும், தோணியும் நடையுமாகப் பிள்ளைகள் வரும் பாடசாலையும் பஸ் நிற்கும் சந்தியிலுள்ள பாடசாலையும் ஒன்றாகிவிடுமா? அதோடு, பெரிய பாடசாலைகளுக்குத் தெரிவாகும் வாய்ப்பு அதிகம் தரும் முறையில் சிறிய பாடசாலை மாதிரிக்குள் அகப்படுவதே அபூர்வம். அகப்பட்டால் அது தன்னைப் போன்ற பல பாடசாலைகளுக்காக நிற்கிறது. அதைத் தவறவிட்டால் அவை எல்லாவற்றையும் சேர்த்தே தவறவிடுகிறோம்.

வராத பாடசாலைகளால் சராசரி ஒருபக்கமாகச் சாயும் இந்தப் பக்கச்சார்பை ஆராயப் புதிதாக எதுவும் திரட்டத் தேவையில்லை. பாடசாலைத் தொகைமதிப்பு இருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரப் பெறுபேறுகள் பாடசாலை வாரியாக இருக்கின்றன. தெரிவான எல்லாப் பாடசாலைகளையும் ஒரு பக்கம் வையுங்கள், பங்குபற்றியவற்றை மறுபக்கம் வையுங்கள். மாணவர் தொகை, பாடசாலை வகை, மொழிமூலம், வலயம், பழைய பெறுபேறு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். மாற்றுப் பாடசாலைகளைச் சேர்த்த பின்னும், நிறையளித்த பின்னும் அதையே திரும்பச் செய்யுங்கள். வித்தியாசம் எங்கே குறைந்தது, எங்கே அப்படியே நின்றது என்று தெரிந்துவிடும். அந்த அட்டவணையை அறிக்கையின் பின்னிணைப்பில் புதைக்காமல் சராசரியின் பக்கத்திலேயே போடுங்கள்.

வலய அதிகாரிகளிடம் ஒன்று கேட்கிறேன். ஈச்சிலம்பற்று, வெருகல், மூதூர்ப் பாடசாலைகள் தெரிவானால் சோதனை நாளை மாரிக்கு முன்னால் வையுங்கள். முடியாமல் போனால் இரண்டாவது நாள் ஒன்றை முதலிலேயே குறித்து அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள். அன்று எங்கள் பிள்ளைகள் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருகோணமலை