டாக்டர்களின் கச்சேரி நெல்லையிலும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழு ஒன்று 2007-ல் பெர்லினில் தொடங்கி, கச்சேரியில் வரும் பணத்தை மருத்துவ உதவிக்கே கொடுத்து வருகிறது. நம் திருநெல்வேலியில் ஏன் இல்லை? ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் தெரு குழந்தை மருத்துவர் ராத்திரி கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்துதான் வயலினை எடுப்பார், இடது கை விரல் நுனியெல்லாம் கம்பி பட்டுக் காய்த்துப் போயிருக்கும். பக்கத்து வீட்டு இயற்பியல் பேராசிரியர் மிருதங்கம் வாசிப்பவர் (சி.வி. ராமனே மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறாரே!). ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாகச் சாதகம் பண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

முதல் கச்சேரிக்கு, நம் நெல்லையப்பர் கோயில் காந்திமதி அம்மன் மேல் முத்துசுவாமி தீட்சிதர் ஹேமவதி ராகத்தில் பாடிய கிருதி இருக்கிறது. அப்புறம் மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் எழுதிய 'நோட்டுஸ்வரம்' என்ற சிறு பாடல்கள், பல வாத்தியங்கள் கூடி வாசிக்க அருமையாக இருக்கும். பாளையங்கோட்டையில் இத்தனை பள்ளி, கல்லூரி இருக்கின்றன, ஞாயிறு மாலை மட்டும் ஒரு அரங்கைத் திறந்துவிட்டால் போதும். வசூலை அரசு மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். யாராவது முன்வாருங்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை